ரேகை பதியவில்லை

பள்ளிப்பட்டில் இறங்கியதும்
கைப்பேசி என்னை ஆந்திராவுக்கு வரவேற்றது.
நான் இன்னும் தமிழ்நாட்டில்தான் நின்றிருந்தேன்,
டீக்கடை வாசலில், பெயரில்லாத ஒரு புகாரோடு.
ஊதா மை. ஒரே வரி:
‘தேசம்மாவை யாராவது வந்து பாருங்கள்.’

தரைப்பாலத்தின் மேல் தண்ணீர்.
கிருஷ்ணாபுரத்தில் மதகு திறந்துவிட்டார்களாம்.
செருப்பைக் கையில் எடுத்தேன்,
கோப்பைத் தலையில் வைத்தேன்.
இப்படி வருகிற அதிகாரிக்கு
யார் பயப்படுவார்கள்?

அண்ணன் மகன் கோவர்த்தன்
நாற்காலியைத் துண்டால் தட்டிப் போட்டான்.
“அத்தைக்கு வயசு அம்பத்திரண்டு, புத்தி அஞ்சுங்க மேடம்.
ராணி மாதிரி வெச்சிருக்கோம்.
ஒரு துரும்பை எடுத்து அந்தப் பக்கம் போட விடறதில்ல.”
அவன் மனைவி மோர் கொண்டுவந்தாள்.
உப்பு சரியாக இருந்தது.
குடிக்காவிட்டால் கதவு சாத்திக்கொள்ளும்.
இந்த வேலையில் நான் குடித்த மோர்
ஒரு குட்டை நிரம்பும்.

“எங்கே அவங்க?”
“தூங்குறாங்க.”
“எங்கே தூங்குறாங்க?”

அவன் கை கொல்லையைத் தாண்டி
மாந்தோப்பைக் காட்டியது.
நடுவில் ஒரு கல், சுண்ணாம்பு உதிர்ந்து.
கல்லுக்கு இந்தப் பக்கம் அவளுடைய ரேஷன் அட்டை,
மாற்றுத்திறனாளி அட்டை, மாதம் இரண்டாயிரம்.
அந்தப் பக்கம் எருமைக் கொட்டகை,
கயிற்றுக் கட்டில், அவள்.
“அது சித்தூர் ஜில்லா மேடம்,” என்றான்
மிக மரியாதையாக.

மாங்காய் இரண்டு பக்கமும் விழுந்து கிடந்தது.
கல்லருகே நின்று கூப்பிட்டேன்.
என்னுடையது சந்தைத் தெலுங்கு,
விலை கேட்கப் போதும்,
வலி கேட்கப் போதாது.
வந்தாள்.
சேலையை முழங்காலுக்கு மேல் செருகியிருந்தாள்,
முழங்கை வரை சாணம்.

ஆண்டுச் சரிபார்ப்புக் கருவியை நீட்டினேன்.
தீப்பெட்டி அளவு, உள்ளே சிவப்பு வெளிச்சம்.
வலது கட்டைவிரல்: பதியவில்லை.
இடது: பதியவில்லை.
பத்து விரலும் வைத்துப் பார்த்தாள்,
வெளிச்சத்தைப் பார்த்துச் சிரித்தபடி.
கோவர்த்தன் உதவிக்கு வந்தான்:
“மாசாமாசம் இதே ரோதனைதான் மேடம்.
எலுமிச்சை தேச்சு, எண்ணெய் தேச்சு,
இருபது தரம் வெச்சாதான் பணம் வரும்.
வேலை செஞ்சு செஞ்சு ரேகையெல்லாம்...”

நிறுத்திக்கொண்டான்.
தோப்பில் ஒரு காய் விழுந்தது.
நான் அவளுடைய கட்டைவிரலைப் படம் எடுத்தேன்.
பழைய ஐம்பது பைசா போல
தலையும் இல்லை, பூவும் இல்லை.

படிவத்தில் பதினான்காம் கட்டம்:
பாதிக்கப்பட்டவரின் விருப்பம்.
திருத்தணியில் ஓர் இல்லம் இருக்கிறது,
ஃபேன் இருக்கிறது, மூன்று வேளை சோறு,
வருகிறாயா என்று கேட்டேன்.
கொட்டகையைத் திரும்பிப் பார்த்தாள்.
“கங்கிக்கி நீள்ளு எவரு பெடதாரு?”
எருமைக்கு யார் தண்ணீர் வைப்பார்கள்.
ஆம், இல்லை என்று இரண்டே பெட்டி.
இதை எதில் போடுவது?

வீட்டுக்குத் திரும்பி எழுத உட்கார்ந்தேன்.
ஆற்றில் நனைந்த பேனா எழுத மறுத்தது.
ஆணியில் தொங்கிய பால்கணக்கு நோட்டிலிருந்து
நூலை அவிழ்த்துத் தன் பேனாவைக் கொடுத்தாள்
மோர் கொடுத்தவள்.
நாலெழுத்து எழுதினேன்.
ஊதா.
நிமிரவில்லை நான்.
ஈரம் காய்வதற்குள் கட்டைவிரலால் தேய்த்தேன்.
“பென்சில் இருக்கும்மா,” என்று திருப்பிக் கொடுத்தேன்.
அவள் நூலை மறுபடி முடிந்தாள்,
ஒரு முடிச்சுக்கு மூன்று முடிச்சாக.

பாலத்தில் தண்ணீர் இன்னும் ஏறியிருந்தது.
நடு ஆற்றில் நின்று சித்தூருக்குப் பேசினேன்,
அந்தப் பக்கத்து அதிகாரி வீரலட்சுமியிடம்.
வியாழக்கிழமை வருகிறேன் என்றாள்,
ஜீப் கிடைத்தால்.
கைப்பேசியைப் பிடித்த கட்டைவிரலில்
என் ரேகை ஊதாவில்
வரிவரியாகத் தெரிந்தது.
இன்னும் என்ன வேண்டும் என்று கேட்டாள்.

முதலில்
எருமைக்கு ஓர் ஆள் பாருங்கள் என்றேன்.